கல்லூரி விடுதி வந்தால் ஊருணிக்குத் தண்ணீர் வருமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம், எங்க ஊருணிக்கு மேற்கே செம்மண் மேட்டுல 300 பேருக்குக் கல்லூரி விடுதி வருது. மதில் கட்டினா ஊருணிக்கு மழைத்தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் அடைபடுமே, என்ன கேக்கணும்?

பதில் 1: முதல்ல நிலத்தோட அளவு வரைபடமான புலப்படமும், நிலம் என்ன வகைன்னு காட்டுற அ-பதிவேடும் எடுங்கண்ணே. வரத்துக்கால் புறம்போக்குன்னு இருந்தா மதில் அதை மறிக்கவே கூடாது. கால்வாய் அகலம் முழுக்கத் திறப்பு விடச் சொல்லி எழுத்துல வாங்குங்க. சின்னக் குழாய் பதிச்சா முதல் மழையிலேயே சருகும் பிளாஸ்டிக்கும் அடைச்சுத் தண்ணி தெருவுக்குத் திரும்பும்.

பதில் 2: அதைவிடக் கழிவுநீர்தான் ஆபத்து. ஆளுக்கு 135 லிட்டர்னு வச்சா நாளுக்கு 40,500 லிட்டர். பெரும்பகுதி சாக்கடையா வெளிய வரும். செப்டிக் டேங்க் வழிஞ்சா சரிவுல இறங்கி ஊருணியில கலக்கும். சுத்திகரிப்பு நிலையம் இல்லாம சம்மதிக்காதீங்க.

பதில் 3: மாடி மழைத்தண்ணியையும் வண்டல் தொட்டி வழியா ஊருணிக்கே விடச் சொல்லுங்க. ஊருணி வறண்டு விடுதியோட ஆழ்துளைக் கிணறும் வத்தினா லாரித் தண்ணிச் செலவு பிள்ளைங்க விடுதிக் கட்டணத்துலதான் ஏறும்.