காலையில் மட்டும் உயிர் வராத காப்பியர்: பவர் சப்ளையா, சுவிட்சா?

அலுவலகப் பொறுப்பு: ஏ3 காப்பியர். சில நாள் காலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் பேனலில் ஒரு விளக்குகூட எரிவதில்லை. ஏழெட்டுத் தடவை ஆன், ஆஃப் செய்தால் வந்துவிடும். பிறகு மாலை வரை நன்றாக ஓடும். பவர் சப்ளை போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

சால்டர்: முழு போர்டு வீண் செலவு சார். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டரைப் பாருங்க. பவர் சப்ளையை ஓட்டும் யூசி3842 வகை ஐசி சுமார் 16 வோல்ட் வந்தால்தான் இயங்கும், 10க்குக் கீழே போனால் நிற்கும். அதற்கு சப்ளை தரும் சின்ன கெபாசிட்டர் காய்ந்துபோனால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஐசிக்கு சப்ளை வந்து கைகொடுக்கும் முன்பே வோல்டேஜ் சரிந்துவிடும். ஐசி மறுபடி முயலும், மறுபடி சரியும். கொஞ்சம் சூடேறினால் மெஷின் வந்துவிடும். அதனால்தான் காலைத் தொல்லை.

வயர்மேன்: அவசரப்படாதீங்க. அந்த சுவிட்சைத் தொடுவதே காலையில்தான். அப்புறம் பழுது வேறு எப்போது தெரியும்? குளிர்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பலமுறை தட்டினால் வருகிறது என்றால் எனக்கு சுவிட்ச் கான்டாக்ட் மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு ஆன்-லும் காலி கெபாசிட்டர் இழுக்கும் இழுப்பில் பொறி பறந்து கான்டாக்ட் கருகும். முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டு நேராக சுவர் சாக்கெட்டில் செருகுங்க. ப்ளக் பின்னில் பழுப்புக் கறை இருக்கா பாருங்க.

சால்டர்: சாக்கெட் லூஸ் என்றால், டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடேறி ஆயிரம் வாட் இழுக்கும்போது அணைந்திருக்கணுமே? பகல் முழுக்க ஓடுதே.

வயர்மேன்: சாக்கெட் விஷயத்தில் சரி. சுவிட்ச் அப்படியில்லை, ஒருமுறை அழுந்தப் பிடித்துவிட்டால் நாள் முழுக்க நிற்கும். மதியம், மெஷின் சூடாக இருக்கும்போது ஒரு பத்துத் தடவை அணைத்துப் போடட்டும். அப்போதும் மக்கர் செய்தால் சுவிட்ச்தான்.

சர்வீஸ் பை: பத்துத் தடவை வேண்டாம், உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும், அது கெட்டுவிடலாம். மீட்டர் வைத்தால் ஒரே தடவை போதும். வராத காலையில், முதல் முயற்சியிலேயே, ப்ரைமரியில், அதாவது சப்ளை போர்டின் மெயின்ஸ் பக்கத்தில், உள்ள பெரிய கெபாசிட்டரை அளங்க. 230 வோல்ட் லைனில் சுமார் 325 டிசி இருந்தால் பவர் கார்டு (வயர்), சுவிட்ச், ஃபியூஸ் மூன்றும் நல்லா இருக்கு. பழுது அதற்குப் பிறகு. இல்லையென்றால் அதற்கு முன்னால். இரண்டாவது முயற்சியில் அளந்தால் தங்கிய சார்ஜ் ஏமாற்றிவிடும். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் டோர் சுவிட்ச் பற்றிக் கவலை வேண்டாம். அது 24 வோல்ட்டைத்தான் வெட்டும், பேனல் விளக்கு எரியும்.

ஸ்டார்ட் ஆகாத சப்ளை ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும். உயிரை எடுக்கும் வோல்டேஜ். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கணும். மெயின்ஸில் மீட்டர் பிடித்துப் பழகாதவர் செய்யவே கூடாது.

சால்டர்: ஒப்புக்கிறேன். 325 இருந்தால் அந்தச் சின்ன கெபாசிட்டருக்குப் பதில் 105 டிகிரி தாங்கும், லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) கெபாசிட்டர் போடுங்க. அதை முதலில் சார்ஜ் செய்யும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் மதிப்பு ஏறியிருக்கான்னும் பாருங்க. ஹேர் டிரையர் சூட்டில் வந்துவிட்டால் கெபாசிட்டர் உறுதி.

வயர்மேன்: உறுதியெல்லாம் இல்லை. சூட்டில் சால்டர் விரிசலும் ஒட்டிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் கால்களையும் மறுபடி சால்டர் பண்ணாமல் மூடிடாதீங்க.

அலுவலகப் பொறுப்பு: சுவிட்ச்தான் என்றால் கான்டாக்டைத் தேய்த்துப் போடலாமா?

வயர்மேன்: வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடி கருகும். அதே ஆம்பியரில், லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் புது சுவிட்ச் போடுங்க.