பிரான்ஸ்ல காமே (சிவப்பு ஒயின் போடற திராட்சை ரகம்) திருவிழா போனவங்க எழுதுங்க: உங்களுக்கு எது இன்னும் மறக்கலை?

அவினாசி ரோடு
பையரோட (நம்ம பனியன் வாங்கற வெளிநாட்டு வியாபாரி) போனவங்களுக்கு போஜொலே நூவோ பத்தி விளக்கம் வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: போஜொலே பகுதியில அந்த வருஷத்துக் காமே அறுப்புல போட்டு உடனே விக்கற புது ஒயின். திருவிழா லியோனுக்கு வடக்கே போஜு ஊர்ல. நவம்பர் மூணாவது வியாழன் பிறக்கற நடுராத்திரி. தீப்பந்தத்தோட பீப்பாய் வருது, 12 அடிச்சதும் கொட்டாப்புளியில குழாயை அடிச்சு இறக்கறாங்க. முதல் கிளாஸ்தான் விஷயமே: நாவல்பழ நிறம், ஓரத்துல ஊதா, நாக்குல லேசா சுருக்குன்னு கேஸ். மூக்குக்கிட்ட கொண்டு போனா அப்படியே பேக்கரி பனானா எசன்ஸ்! அது திராட்சையில இருந்து வர்ற வாசமான்னு இன்னும் சந்தேகம்தான். கலக்கறாங்களோ?

நொய்யல் ஈஸ்ட்
கலக்கறதில்லீங்ணா. பேக்கரி எசன்ஸ்ல இருக்கற ஐசோஅமைல் அசிடேட்தான் இதுலயும் இருக்கு, ஆனா நொதிக்கும்போது தானா உண்டாகுது. பழத்தை நசுக்காம முழுக்குலையா தொட்டியில கொட்டறாங்க. அடியில இருக்கறது பாரத்துல நசுங்கி நொதிக்கும், அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிரப்பும். காத்தில்லாம மேல் பழம் தோலுக்குள்ளயே நொதிக்க ஆரம்பிக்கும். பழத்துக்குள்ள ஆல்கஹால் 2 சதவீதம் கிட்ட வந்தா பழத்தோட உயிரணு செத்துரும், அந்த நொதிப்பு நின்னுரும். நூவோவுக்கு நாலஞ்சு நாள்ல பிழிஞ்சு, மிச்ச சர்க்கரையை ஈஸ்டுக்கு விடறாங்க. தோல் ரொம்ப நேரம் ஊறாததால துவர்ப்பு கம்மி. 71பி மாதிரி ஈஸ்ட் போட்டா வாழைப்பழ வாசம் இன்னும் தூக்கும். குலை உடைஞ்சு வந்தா இந்த முறை கெட்டுப்போகும், அதனாலதான் கையால பறிக்கறது.

கோபி கரட்டுமேடு
ரெண்டு பேருமே நூவோவைக் குடிச்சுட்டு காமேன்னு பேசறீங்க. பக்கத்து மேசையில மோர்கோன்னு போஜொலேயோட இன்னொரு ஒயின் ஊத்துவாங்க, அதே காமேதான். ரெண்டு கிளாஸையும் ஒட்டி வெச்சு மோந்து பாருங்க. மோர்கோன்ல வாழைப்பழம் மருந்துக்கும் இருக்காது. செர்ரி, கல்லு, மண்ணு. ஒரே திராட்சைத் திருவிழாவோட சாரமே இதுதான்: ரகம் மாறாது, மண்ணும் முறையும்தான் மாறும். வடக்கே கருங்கல் பூமி, தெக்கே களியும் சுண்ணாம்பும். மோர்கோன், ஃப்ளரி, மூலான்-ஆ-வான்னு பத்து க்ரூ (இடத்துப் பேர்லயே விக்கற உசந்த ஒயின்) இருக்கு, அது எதையும் நூவோன்னு விக்கவே கூடாது. வரிசை முக்கியம்: நூவோ முதல்ல, வில்லாஜ் (நடுத்தர ரகம்) அடுத்து, க்ரூ கடைசி. தலைகீழாப் போனா நூவோ வெறும் சர்பத்து மாதிரி இருக்கும்.

பல்லடம் நூல்
வியாழன் ராத்திரிக்கு ரூம் போட்டு ஏமாந்தவங்க நிறைய. பீப்பாய் திறக்கறது புதன் ராத்திரி. போஜுவுல ரயில் நிலையம் இல்லை, நடுராத்திரிக்கு மேல திரும்ப வழியும் இல்லை. தங்க இடம் முன்னாடியே பிடிக்கணும். சைவக்காரங்களுக்கு ரொட்டியும் சீஸும்தான், மத்ததெல்லாம் பன்றிக்கறி.

தொண்டாமுத்தூர் பந்தல்
நம்ம பன்னீர் திராட்சையில இந்த நூவோ வருங்களா? நம்மளுது பந்தல்ல வருஷம் ரெண்டு அறுப்பு, அங்க குட்டைச் செடி, ஒரே அறுப்பு.

நொய்யல் ஈஸ்ட்
தம்பி, பன்னீர்னா மஸ்கட் ஹாம்பர்க். பிரான்ஸ்லயே அதைப் பெரும்பாலும் சாப்பிடற பழமாத்தான் விக்கறாங்க. வாந்தூ மலைப்பக்கம் விளையறதுக்குத் தனி அப்பலாசியோனே (இந்த இடத்துப் பழம்னு அரசு தர்ற முத்திரை) 1997ல குடுத்திருக்காங்க. அதோட பன்னீர் வாசம் பழத்துலயே இருக்கு, லினலூல், ஜெரானியால்ங்கற வாசப் பொருள்களா. அது மேல வாழைப்பழத்தை ஏத்துனா ரெண்டும் அடிச்சுக்கும். பழத்துச் சர்க்கரை அளவு 18 பிரிக்ஸ் எட்டினா சுமார் 10 சதவீதம் ஆல்கஹால் வரும், அது போதும். அறுப்புக்கு முன்னாடி மழை பிடிச்சா பழம் வெடிக்கும், முழுக்குலை முறைக்கு அந்தப் பழம் ஆகாது. அதுக்கும் முன்னாடி லைசென்ஸ். இல்லாம வீட்டுல போட்டா மதுவிலக்குச் சட்டம்.

திருப்பூர் கட்பீஸ்
பாட்டில் கொண்டு வர்றது பத்தி யாரும் எழுதலையே. நம்ம கஸ்டம்ஸ்ல ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்லை. 750 மில்லி பாட்டில் ரெண்டுன்னா ஒன்றரை லிட்டர். மூணாவது வெச்சா 2.25, தாண்டிரும். டெல்லி, மும்பை வழியா வந்தா கோயமுத்தூர்ல இல்லை, அங்கேயே கஸ்டம்ஸ். தோட்டத்துல வாங்குனது கைப்பையில போகாது, பெட்டியிலதான் போகணும். முதல்ல ஜிப் கவர், இல்லேன்னா உடைஞ்சா பெட்டி முழுக்க ஊதா. அதுக்கு மேல 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் துணி) பனியன் ரெண்டு. பாட்டில் வயித்துல சுத்தறதை விடக் கழுத்துல கெட்டியா சுத்துங்க, உடையறது அங்கதான். பெட்டிக்கு நடுவுல, சுவத்துல படாம, சுத்தியும் துணி. ரெண்டு பாட்டில் ஒண்ணோடொண்ணு தொடக்கூடாது; நடுவுல ஜீன்ஸ் ஒண்ணு மடிச்சு வெச்சா ஆட்டாது. ஷூவுக்குள்ள சொருகற யோசனையெல்லாம் வேண்டாம், ஷூவுக்கு அடிதளம் கெட்டி, அதுல மோதியே உடையும். பெட்டி எடை 23 கிலோன்னா பாட்டில் ஒண்ணுக்கு ஒன்னேகால் கிலோ கழிச்சுக்கங்க.

கோபி கரட்டுமேடு
கேக்காமயே பாட்டில் பாடம்! கணக்கு சரிதான். ஆனா நூவோவை இத்தனை பனியன் சுத்திக் கொண்டுவந்து அலமாரியில வெச்சிராதீங்க. சித்திரைக்குள்ள குடிச்சுரணும், அதுவும் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு மணி நேரம் வெச்சு, 12, 13 டிகிரியில. நம்மூர்ச் சூட்டுல அப்படியே ஊத்துனா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். வெச்சுக் குடிக்கறதா இருந்தா மோர்கோன் வாங்கிட்டு வாங்க.