டிராக்டர் பெண், பால் பவுடர், கோதுமைக் கப்பல்: வல்லரசுச் சண்டை உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது?

பழைய நோட்டு:
போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. அட்டை போட்டிருப்பது ரஷ்யாக்காரர்கள் தமிழில் போட்ட ‘சோவியத் நாடு’ பத்திரிகைத் தாளில். ஒரு பெண் டிராக்டரில் உட்கார்ந்து சிரிக்கிறாள், அவள் நெற்றியில் என் பெயரும் வகுப்பும். வழவழவென்று இருக்கும் அந்தத் தாள் லேசில் கிழியாது. எங்கள் தெருவில் கம்யூனிஸ்டு ஒருத்தரும் கிடையாது. அப்பா பழுத்த காங்கிரஸ்காரர். இருந்தும் சந்தா கட்டினார், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்குமே, அதற்காக.

அப்பா திருநெல்வேலியில் டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். தானே எழுதி, தானே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து 1966இல் ஒரு நாவலும் போட்டார், 500 பிரதி. மிச்சமிருந்ததையெல்லாம் 1992 தாமிரபரணி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பரணில் கிடந்ததால் நோட்டு மட்டும் தப்பித்தது.

அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பனிப்போர், நாற்பத்துச் சொச்சம் வருஷம், உங்கள் வீட்டுக்குள் என்னவாக வந்தது? படித்ததை விடுங்கள், பட்டதை இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்குப் பால் பவுடர். தருமபுரிப் பக்கம் ஒரு ஓட்டுப் பள்ளிக்கூடம். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்கு, 1961 முதல் ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் கொடுத்தது. பவுடரை அண்டாவில் கரைத்து ஊற்றுவார்கள். எங்களுக்கோ கரைக்காமல் அள்ளித் தின்ன வேண்டும், அது மேலண்ணத்தில் அப்பிக்கொள்ள வேண்டும், நாக்கால் சுரண்டிச் சுரண்டி அடுத்த பீரியடை ஓட்ட வேண்டும்.

காலியான மாவு மூட்டை நல்ல துணி. அம்மா ஒன்றை வாங்கிவந்து எனக்கு டிராயர் தைத்தாள். மூட்டையில் அச்சடித்திருந்த, குலுக்கும் இரண்டு கைகள் முன்பக்கம் வந்துவிட்டன. பின்பக்கம் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, எத்தனை தடவை அடித்துத் துவைத்தும் போகவில்லை. எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்க வந்தபிறகு, தம்பி போட்டிருந்தபோதுதான் படித்தேன்: ‘அமெரிக்க மக்களின் அன்பளிப்பு. விற்கவோ மாற்றவோ கூடாது.’

மைன்ஸ் பையன்:
சார், சிரித்து முடியவில்லை.

நான் நெய்வேலி. அப்பா தெர்மலில் டர்பைன் பிரிவு. அந்த அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் கட்டியது, முதல் யூனிட் 1962இல் ஓடியது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரமோ மேற்கு ஜெர்மனிச் சரக்கு. பெர்லினில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் 1961இல் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். இங்கே ஜெர்மன்காரன் இயந்திரம் வெட்டிக்கொடுத்த பழுப்பு நிலக்கரியை ரஷ்யாக்காரன் பாய்லர் எரித்தது. அணிசேராக் கொள்கை என்று பாடப்புத்தகத்தில் வந்தபோது எனக்கு நேருவின் முகம் தோன்றவில்லை, எங்கள் ஊர் கன்வேயர் பெல்ட்தான் தோன்றியது.

ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். மே மாத வெயிலில் அவர்கள் முகம் தக்காளியாகச் சிவந்துவிடும். நாங்கள் சைக்கிளில் பின்னாலேயே போய் ‘ஸ்பசீபா, ஸ்பசீபா’ என்று கத்துவோம். அதற்கு நன்றி என்று அர்த்தமாம். எதற்கு நன்றி சொன்னோம் என்று அவர்களுக்கும் புரிந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
வாத்தியார் சொன்ன அன்பளிப்பு என்ற வார்த்தை என்னை உறுத்துகிறது. கோதுமையை யாரும் சும்மா கொடுக்கவில்லை. உபரி தானியத்தை வெளிநாடுகளுக்கு விற்க வழிசெய்த அமெரிக்காவின் பி.எல். 480 சட்டம் 1954இல் வந்தது, நாம் முதல் ஒப்பந்தம் போட்டது 1956இல். டாலர் வேண்டாம், ரூபாயாகக் கொடுங்கள் என்றார்கள், அதுதான் சலுகை. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அவர்கள் கணக்கில் மலையாகக் குவிந்தது. 1965, 66இல் வானம் பொய்த்தபோது அதிபர் ஜான்சன் கோதுமையை மாதாமாதம் அளந்து அளந்து அனுப்பினார். விவசாயத்தைச் சீர்திருத்து என்பது ஒரு காரணம். வியட்நாம் குண்டுவீச்சை நம் அரசு குறை சொன்னது அவருக்கு ஆகவில்லை என்பது இன்னொன்று.

அந்த வருஷம் நான் ரேஷன் கடையில் எடுபிடி. அரிசி கேட்டு வந்தவர்களுக்குக் கோதுமையை நீட்டினோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சப்பாத்தி திரட்டத் தெரியாது. கஞ்சி காய்ச்சிப் பார்த்துவிட்டு, பானையோடு கொண்டுவந்து கடைவாசலில் கவிழ்த்த ஆத்தாவை எனக்குத் தெரியும். 1967இல் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று தி.மு.க. சொன்ன சொல்லுக்கு ஏன் அத்தனை பலம் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பானையைத்தான் சொல்வேன். இந்தி எதிர்ப்பு பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் வயிறும் போய் ஓட்டுப் போட்டது.

ரிட்டயர்டு வாத்தியார்:
கோதுமை விலைக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். பவுடர் அன்பளிப்புதான். என் டிராயர் பொய் சொல்லாது.

பனிக்காலம்:
நான் யாழ்ப்பாணம். 1988இல புலமைப்பரிசில் கிடைச்சு மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்கப் போனனான். ஊரில அப்ப இந்தியன் ஆமி. அம்மா தோட்டை வித்துத்தான் பிளேன் ரிக்கற். வல்லரசு எண்டால் பாணுக்குக் கியூ இராது எண்டு நினைச்சுக்கொண்டு போன விசரன் நான். கியூவைக் கண்டால் முதல்ல போய் நிக்கவேணும், என்ன விக்கினம் எண்டு பிறகு கேக்கலாம், இதுதான் எனக்கு அங்க கிடைச்ச முதல் பாடம்.

1991 தை (ஜனவரி) 22, இரவுச் செய்தியில சொன்னாங்கள்: 50, 100 ரூபிள் தாள் இனிச் செல்லாது, மூண்டு நாளுக்குள்ள மாத்தவேணும். எங்கட விடுதியைத் துடைக்கிற கிழவி படிக்கட்டில இருந்து தலையணை உறையைப் பிரிச்சு ஒவ்வொரு தாளா எண்ணினா. புருசன்ர செத்தவீட்டுச் செலவுக்குப் பிறகு மிஞ்சின காசாம். நானும் பக்கத்தில இருந்து எண்ணிக் குடுத்தன். அண்டைக்குப் பிறகு அந்த மனிசி லெனின் படத்தைத் தூசி தட்டினதை நான் காணேல்லை.

மார்கழி (டிசம்பர்) 25 கிரெம்ளினில செங்கொடி இறங்கேக்க நான் குசினியில உருளைக்கிழங்கு பொரிச்சுக்கொண்டு நிண்டன். பக்கத்து அடுப்பில நிண்ட உக்ரேன் பொடியன் கேட்டான், ‘அப்ப நானும் உன்னைப்போல வெளிநாட்டு மாணவனோ?’ அடுத்த வருசம் பல்கலைக்கழகத்தின்ர பேரில இருந்து லுமும்பாவையும் எடுத்திட்டினம். கொங்கோவில இந்த இழுபறிக்குள்ள அகப்பட்டுச் செத்த மனிசன். என்ர பட்டத்தில அவர் இல்லை.

மிச்சிகன் ஏரிக்கரை:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன ரூபாய் மலையின் ஒரு மூலையில்தான் என் ஆராய்ச்சியே நடந்தது. 1962இலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் போட்டு, அந்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. துப்பறியும் நாவல், திருமண வாழ்த்து, சாதிச் சங்க மலர், கட்சிப் பிரசுரம் என்று பொறுக்காமல் வாங்கினார்கள். எதிரணிக்குச் சாய்ந்துவிடக்கூடிய நாடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் அந்த ஆர்வத்துக்குப் பின்னால் உண்டு. நம் ஊரில் கரையான் தின்றது சிகாகோவில் ஏசி அறையில் இருக்கிறது. நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று பல நாள் அந்த அலமாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறேன்.

முதல் பதிவு போட்ட அண்ணா, அப்பா நாவலின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்களேன். தேடிப் பார்க்கிறேன்.

பழைய நோட்டு:
அனுப்பிவிட்டேன் தம்பி. கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

மிச்சிகன் ஏரிக்கரை:
அண்ணா, இருக்கிறது. மேலட்டையை எடுத்துவிட்டுக் கெட்டி பைண்டு போட்டிருக்கிறார்கள், அதனால் அட்டைப்படம் போயிற்று. உள்ளே 112 பக்கமும் சரியாக இருக்கிறது. நூலகக் குறிப்பில் பி.எல். 480 என்று போட்டிருக்கிறது. 37ஆம் பக்கத்தில் ஒரு ‘ழ’ தலைகீழாக நிற்கிறது.

பழைய நோட்டு:
அந்த ‘ழ’வை நான்தான் கோர்த்தேன். அப்பாவுக்குத் தெரியாது.