மறுமொழி: ‘ஒர்கானிக் ட்ராபிக்’ – சேதனமும் வேண்டாம், போக்குவரத்தும் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். இணையத்தளத்துக்கு விளம்பரம் இல்லாமலே வந்து சேர்பவர்களைக் குறிக்கும் ‘organic traffic’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுவில் பேச்சு நடக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சேதனப் போக்குவரத்து’. அதில் ஒருவர் எழுதியது:

> ‘போக்குவரத்து’ ஏற்கெனவே பரவிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

பரவியது உண்மைதான். அதனால் வந்த வினையையும் கேளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் பாடசாலையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தரம் 1 அனுமதிக் காலத்துக்கு முன் தளத்துக்கு ஆட்களை வரவைப்பதுதான் எனக்குத் தந்த வேலை. மாதம் ஒருமுறை நிர்வாகக் குழுவுக்குத் தமிழில் அறிக்கையும் கொடுக்க வேண்டும். முதல் அறிக்கையில், தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கருவி காட்டிய மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட்டேன்: “சேதனப் போக்குவரத்து அதிகரித்துள்ளது.” உப அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாங்கள் எப்ப ஸ்கூல் வான் விட்டனாங்கள்?” என்று கேட்டார். கணக்காளருக்குப் பசளை நினைவுக்கு வந்ததாம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததிலிருந்து இங்கே சேதனம் என்றால் பசளைதான். அதை விட்டால் உயர்தர இரசாயனவியல். சென்னை நண்பர் சொன்ன ‘கரிம’ இன்னும் மோசம், அடுப்பங்கரை வாசம் வருகிறது.

சரி, கருத்து என்ன? ஒருவர் கூகுளில் எதையோ தேடுகிறார். நாங்கள் விளம்பரத்துக்குக் காசு கட்டாமலே எங்கள் பக்கம் முடிவுகளில் தெரிகிறது, அவர் அதைத் தொட்டு உள்ளே வருகிறார். விளம்பரத்தால் வருவது, கட்டிய காசு தீர்ந்த அன்றே நின்றுபோகும். இது அப்படி நிற்காது. குழுவுக்குத் தெரிய வேண்டிய வேறுபாடு இவ்வளவுதான்.

‘வரவு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பாடசாலைக்குள் அது ஆகாது. வரவு இடாப்பு இருக்கும் இடத்தில் “வரவு குறைந்தது” என்று எழுதினால் பிள்ளைகள் வரவில்லை என்றுதான் படிப்பார்கள். அடுத்த பக்கத்தில் வரவு செலவு வேறு. ‘வருகை’ நல்ல சொல், ஆனால் அது ஒருவர் ஒருமுறை வந்து போவதற்குத் தேவைப்படும். மொத்தமாக வந்து சேர்வதைச் சொல்ல ‘வரத்து’ இருக்கிறதே! குளத்துக்கு நீர்வரத்து, சந்தைக்கு மரக்கறி வரத்து. கூடும், குறையும், வற்றும். போக்குவரத்தில் எங்களுக்கு வேண்டிய பாதியும் அதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: தேடல்வரத்து, விளம்பரவரத்து, வேறு தளங்களின் இணைப்பு வழியாக வந்தால் இணைப்புவரத்து.

கருவி ‘நேரடி’ (direct), அதாவது முகவரியைத் தாமே தட்டி வந்தவர்கள், என்று காட்டுவதில்தான் சிக்கல். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அது திடீரென்று எகிறியது. அத்தனை பேரும் முகவரியைக் கையால் தட்டியிருக்க முடியாது. விசாரித்தால், பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் யாரோ எங்கள் கட்டண விபரப் பக்கத்தைப் போட்டிருக்கிறார். வட்ஸ்அப்பிலிருந்து வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தடம் பெரும்பாலும் கூட வருவதில்லை. தடம் இல்லாத எல்லாவற்றையும் கருவி ‘நேரடி’க்குள் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் பிழையாக வைத்த பெயரை நாம் ஏன் பெயர்க்க வேண்டும்? ‘தடமிலி வரத்து’ என்போம்.

இன்னொன்று, தலைப்புக்குச் சற்று வெளியே. பழைய தளத்தில் அனுமதி அறிவித்தல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. அது ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் மாட்டிக் காட்டுவது. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கட்டண அட்டவணையோ ஸ்கேன் செய்த படம். இரண்டையும், தேடுபொறியும் தமிழாகவே படிக்கும் யுனிகோட்டில் தட்டிப் போட்ட பிறகுதான் தமிழில் தேடியவர்களுக்கு நாங்கள் தெரிய ஆரம்பித்தோம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று கூகுள் சேர்ச் கொன்சோல் இலவசமாகவே காட்டும். நாங்கள் ‘பாடசாலை’ என்று எழுத, அவர்கள் ‘ஸ்கூல்’ என்று தேடுகிறார்கள். கலைச்சொல் ஆக்கும் நமக்கு இது கொஞ்சம் குத்தத்தான் செய்யும்.

* * *

தம்பி,

வரத்து பிடித்திருக்கிறது. ஆனால் தேடல்வரத்தில் ஓட்டை உண்டு. கூகுள் முடிவுகளுக்கு மேலே நிற்கும் விளம்பரத்தைத் தொட்டு வருபவரும் தேடித்தானே வந்தார்? அவரை எந்தப் பக்கம் எழுதுவீர்? கிணற்றில் ஊறுவதும் பவுசரில் வருவதும் தண்ணீர்தான்; பில் வருவது பவுசருக்கு மட்டும். சொல்லில் அது தெரிய வேண்டும். ‘இயல்வரத்து’, ‘கட்டணவரத்து’ என்று பிரித்துப் பாரும்.

* * *

ஐயா,

சரியாகப் பிடித்தீர்கள், நான் அதை யோசிக்கவே இல்லை. ‘இயல்’ என்றால் பேஸ்புக்கில் காசு கட்டாமல் கிடைப்பதற்கும் பொருந்துகிறது. ‘கட்டண’த்தில்தான் எனக்குத் தயக்கம். தனியார் பாடசாலை அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டால் தவணைக் கட்டணம் என்றே நினைப்பார்கள். ஆகவே அந்தப் பக்கத்துக்கு விளம்பரவரத்தையே விடுகிறேன். தேடல் என்பதை எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் தனி நிரலாக வைத்து, அதன் கீழ் இயல், விளம்பரம் என இரண்டு வரிசை போடுகிறேன்.

‘தடமிலி’ பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாதக் கடைசியில் கூட்டம். அதற்குள் மறுப்பு வராவிட்டால் அச்சடித்துவிடுவேன்.