மூளைத் திசுப் படங்களில் கூட்டம் நிஜமா? உதவி வேண்டும்

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, அல்சைமர் மூளைத் திசுப் படங்களில் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளும், மூளையின் நோய் எதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியாவும் இருக்கும் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். செல்கள் படிவுகளைச் சுற்றித்தான் கூடுகின்றனவா என்பதே கேள்வி.

ரிப்ளியின் கே சார்பை (ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் எத்தனை புள்ளிகள் என்று பார்க்கும் அளவீடு) ஆர் நிரல்மொழியின் ஸ்பேட்ஸ்டாட் தொகுப்பில் போட்டால் கூட்டம் தெரிகிறது. ஆனால் மூளைப் புறணியில் 6 அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு அடர்த்தி மாறும். காசிமேட்டில் விடியற்காலையில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பது மீனுக்காகத்தானே, ஒருவரையொருவர் தெரியும் என்பதால் இல்லையே! இங்கேயும் அப்படி, இரண்டும் ஒரே அடுக்கில் அதிகம் என்பதால்தான் கூட்டமாகத் தெரிகிறதோ?

சரி, அடர்த்தி மாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் கே சார்புக்கு பேண்ட்வித் அளவை (அடர்த்தியை மதிப்பிட எவ்வளவு அகலத்துக்குச் சராசரி எடுப்பது என்பதை) எப்படித் தேர்ந்தெடுப்பது? அப்புறம், ஒரே நோயாளியின் பல படங்களை எப்படிச் சேர்ப்பது? தனித்தனி ஆட்களாக எண்ணிவிடக் கூடாது என்று மட்டும் புரிகிறது. ராயபுரம், பெரம்பூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் லேப்டாப்போடு நேரில் வருகிறேன்.