வீடு மாற்றும்போது மூட்டை கட்டிய அனுபவங்கள்: மூவர் சொல்கிறார்கள்

சென்னையிலிருந்து கோவைக்குக் குடிபெயர்ந்தபோது, பொருள்களைக் கட்ட வந்தவர்கள் “எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். மாமியார் சமையலறைப் பக்கம் மட்டும் அவர்களை விடவில்லை. பால் காய்ச்சும் பாத்திரம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், சர்க்கரை, தீப்பெட்டி, டம்ளர்கள், ஒரு கத்தரிக்கோல் எல்லாம் ஒரு கூடைக்குள் போயின. அந்தக் கூடை லாரியில் ஏறவில்லை. நகை, பத்திரங்கள், மருந்துகளோடு எங்கள் மடியிலேயே வந்தது. போய் இறங்கியதும் எது வேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் அவர் மற்றவற்றைத் தொட்டார்.

பிறகு அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சட்டி. இடுக்கெல்லாம் துண்டும் பழைய வேட்டியும். வெற்றுப் பாத்திரம் என்று ஒன்றுகூட லாரியில் ஏறவில்லை. பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், பழைய பருத்திப் புடவையில் சுற்றி விளிம்பில் நிற்கவைத்தார். படுக்கவைத்தால் குலுங்கும்போது மேல்தட்டுகளின் பாரமெல்லாம் அடித்தட்டில் இறங்குமாம். கிரைண்டரின் கற்களைக் கழற்றித் தனியாகக் கட்டினார். புத்தகங்களுக்குப் பெரிய பெட்டி கேட்ட என் கணவரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! புத்தகத்துக்குச் சிறிய பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. தூக்குகிறவரின் இடுப்பு அவருக்கு நன்றி சொல்லியிருக்கும்.

*

சகோதரி, உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். மின்சாதனங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, பனி உருகியதும் துடைத்துக் காயவைத்தோம். லாரியில் இடம் போதவில்லை என்று அதைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள், சம்மதிக்கவில்லை. படுக்கவைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். புது வீட்டிலும் சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டோம். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினுக்கு, டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் போல்ட்டுகள் வாங்கும்போதே இருக்கும். பலர் அவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். என் அண்ணன் மேல்பரணில் ஒரு டப்பாவில் போட்டுவைத்திருந்தார், அன்று வீட்டில் அவர்தான் ராஜா.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். வேறு ஊருக்குப் போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சரை வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊர் ஏஜென்சியில் அதைக் காட்டினால் இணைப்பு கிடைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது. அமிலம் சிந்தினால் பக்கத்தில் உள்ள துணிமூட்டை போயிற்று.

*

திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் போனோம். பாதி வழியில் ஓட்டுநர் போன் செய்து, “செக்போஸ்ட்டில் ஈ-வே பில் கேட்கிறார்கள், பணம் அனுப்புங்கள்” என்றார். சரக்கை லாரியில் கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு அது. புழங்கிய வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டியில் ஈ-வே பில்லே தேவையில்லை என்று என் தம்பி பொறுமையாக எடுத்துச் சொன்னதும், அந்தச் செக்போஸ்ட் மாயமாய் மறைந்துவிட்டது. பேசிய வாடகை, ஏற்று இறக்கு கூலி, மாடிப்படிக்கான கூலி எல்லாம் எழுத்தில் இருந்ததால் இறக்கும்போதும் தகராறு இல்லை. பெட்டிகளின் மேல்புறத்தில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதியது இன்னொரு வசதி. அடுக்கிய பிறகும் படிக்க முடிந்தது.

மாறியது ஆடி மாதத்தில். கேட்ட நாளில் லாரி கிடைத்தது. என் அத்தைதான் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.