ஈப்போ பக்கம் பழைய சர்வர் வாங்க உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் வீட்டில் வைக்க ஒரு பழைய டெல் பவர்எட்ஜ் சர்வர் தேடுகிறேன். தோட்டத்துக் குடும்பங்களின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, ஒன்றும் அழியாமல் காக்கத்தான்.

ஆர்720 மாடல் மலிவு. ஆனால் அதில் வரும் எச்710 ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்துவது) ஒவ்வொரு டிஸ்க்கையும் லினக்ஸுக்கு நேரடியாகக் காட்டாது. கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளையே மாற்ற வேண்டும். ஆர்730-இல் எச்730 கார்டு இருந்தால் டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் எச்பிஏ மோடு உண்டு. கோப்பு கெட்டால் கண்டுபிடிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைத்தான் போடப் போகிறேன், அதற்கு அதுவே வசதி. ரேமும் புதிய தலைமுறை டிடிஆர்4. அதனால் ஆர்730 கிடைத்தால் நல்லது.

சர்வர்களில் வரும் எஸ்ஏஎஸ் வகைப் பழைய டிஸ்க்கோடு கொடுத்தால் கவனம் தேவை. ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றியவை சில, வழக்கமான 512-க்குப் பதில் 520 பைட் செக்டரில் (டிஸ்க் தரவை எழுதும் துண்டு) இருக்கும். லினக்ஸ் டிஸ்க்கைப் பார்க்கும், ஆனால் பயன்படுத்த விடாது. எஸ்ஜி_ஃபார்மேட் என்ற கட்டளை கொடுத்து 512-க்கு மாற்றலாம், பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. டிஸ்க்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் 'குரோன் டிஃபெக்ட்' எண் (பயன்பாட்டில் கெட்டுப்போன இடங்கள்) ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

கரண்ட் கணக்கு: இரவு பகலாக 100 வாட் இழுத்தாலே மாதம் 72 யூனிட்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:
ஈப்போ, தைப்பிங் பக்கம் கடையிலேயே ஆன் செய்து, இரண்டு பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிக் கழற்றிக் காட்டுபவர் யார்?
ஐடிராக் (சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் டெல் வசதி) எண்டர்பிரைஸ் லைசென்ஸோடு கிடைக்குமா? அது இல்லாமல் தூரத்திலிருந்து திரையைப் பார்க்க முடியாது.
இங்கே மாலையில் இடி மின்னல் அதிகம். லேன் கேபிள் வழியாக வரும் சர்ஜை (திடீர் மின் பாய்ச்சலை) தடுக்க என்ன போட்டிருக்கிறீர்கள்?